பேக்கரிக்காரரின் இடுப்பளவு

நான் தையல்காரன். எங்கள் தெருவில் பாதிப்பேரின் இடுப்பளவு என் தலைக்குள்தான் குடியிருந்தது. எழுதிவைக்கிற பழக்கமே கிடையாது. போன மழைக்காலத்தில் ஒல்லித் தபால்காரரின் அளவில் பல் டாக்டருக்குக் கால்சட்டை தைத்துவிட்டேன். அவர் உட்கார்ந்தார், கால்சட்டை ஒத்துழைக்கவில்லை. கிழிந்த சத்தத்தில், மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்திருந்த நோயாளி எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம்.

கடைச் சாவி என் மனைவியின் கைப்பைக்குள் போனது. காலையில் அவளே திறப்பாள், மாலையில் அவளே பூட்டுவாள். இன்னொரு அளவு தப்பினால் கடை மருமகனுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் அங்கே செல்போன் உறை விற்பானாம்.

மறதிக்கு வைத்தியம் சொன்னது பக்கத்து வீட்டு நர்ஸ். விடிந்ததும் நடை, நேரத்தோடு தூக்கம், இடது கையால் பல் துலக்கல், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளல். முதல் வாரம் காதைத்தான் துலக்கினேன். மவுத்தார்கன் பழகினேன், எதிர்வீட்டு நாய் வேறு வீடு பார்த்துக்கொண்டது. நடைக்குத் துணையாகப் பேக்கரிக்காரர் சேர்ந்துகொண்டார். தெருவில் அவருக்குச் செல்லப்பெயர் பீப்பாய்.

பலன் இல்லாமல் இல்லை. நான் பிறந்தபோது மருத்துவச்சி தும்மியதுகூட நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." சொல்லிக் காட்டினேன். அவள் மறுக்கவில்லை.

அப்போதுதான் பேக்கரிக்காரர் மகள் கல்யாணத்துக்குக் கால்சட்டை கேட்டு வந்தார். மனைவி அளவு நாடாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "அளக்காம தைங்க, பாத்துடலாம்" என்றாள். அவரது அளவு தலைக்குள் விளக்குப் போட்டதுபோல் தெரிந்தது. தைத்துக் கொடுத்தேன்.

அவர் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே ஓர் அடி வைத்தார். கால்சட்டை வைக்கவில்லை. அவர் மட்டும் வந்தார்.

மனைவி மருமகனுக்குப் போன் செய்யக் கைப்பையைத் திறந்தாள். பேக்கரிக்காரர் அவசரமாகக் கால்சட்டையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி, அவரத் திட்டாதீங்க. இது என்னோட பழைய அளவேதான். இவரோட நடந்து நடந்து நான்தான் பாதியாயிட்டேன்."

அவர் கயிறு கட்டிப் போட்டு வந்த பழைய கால்சட்டை திரைக்குப் பின்னால் கிடந்தது. மனைவி அதை எடுத்துவந்து, அவர் இடுப்பில் இருந்த புதியதோடு வைத்துப் பார்த்தாள். நூலிழை வித்தியாசம் இல்லை.

"தினமும் பக்கத்துலயே நடக்குறீங்க. மனுஷன் இளைச்சது கண்ணுக்குத் தெரியலயா?"

"நர்ஸ் ஞாபகத்துக்குத்தான் வைத்தியம் சொன்னாங்க. கண்ணப் பத்தி யாரும் பேசலயே."

சிரிப்பை அடக்க அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சாவியை என் சட்டைப்பையில் போட்டு, நாளை முதல் நடைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். உனக்கென்ன மறதி என்று கேட்டேன்.

"மறதி இல்ல. நான் இளைச்சாலும் உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல இருந்து சொல்லணும்ல."