தாங்கி ஆறும்வரை

உலகத்தில் இதுவரை உடைந்த பொருள்கள் எல்லாமே அடி போதாமல்தான் உடைந்தன என்று பட்டறைக்காரர் உறுதியாக நம்பினார். நேரத்தோடு நாலு போட்டிருந்தால் இரும்போ கதவோ மைத்துனனோ, எதுவும் வழிக்கு வந்திருக்கும்.

அன்று காலை, இரும்பு கடையும் லேத் இயந்திரம் இறுகி நின்றது. அவர் பெரிய சுத்தியலை எடுத்து வழிக்குக் கொண்டுவந்தார். ஆறாவது அடியில், கியர்களைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தாங்கி இரண்டாகப் பிளந்து விழுந்தது. அந்த லேத்தைச் செய்த கம்பெனி அவர் பிறக்கும் முன்பே மூடப்பட்டுவிட்டது. வேறு தாங்கிக்கு எங்கே போவது? அவர் வீட்டு உலையும் மைத்துனன் வீட்டு உலையும் அந்த ஒரு லேத்தை நம்பித்தான் கொதித்தன.

அவர் மனைவியின் தம்பி வெல்டர். தாங்கியைக் கரி நெருப்பில் சிவக்கவைத்து ஒட்டினான். ஒட்டின இடத்தைச் சின்னச் சுத்தியலால் பூப்போலத் தட்டி, சாம்பல் நிறைந்த டிரம்மில் புதைத்துக் கோணியால் மூடினான்.

"சாயங்காலம் வரைக்கும் தொடக்கூடாது மாமா. மெதுவாத்தான் ஆறணும், சட்டுனு குளுந்தா வெடிச்சிடும்."

"போத்தி விட்டாச்சு. அப்படியே ஒரு தாலாட்டும் பாடிடு மாப்ள. பால் புட்டி வேணும்னா நான் வாங்கியாறேன்."

மைத்துனன் டீ குடிக்கப் போனதும், பட்டறைக்காரர் தாங்கியை இடுக்கியால் வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஆவி அடங்கும் முன் 'டிங்' என்றது. ரொம்பச் சின்னச் சத்தம்.

திரும்பி வந்தவன் இரண்டு துண்டுகளையும் பார்த்தான். மாமாவின் வாயில் குத்தினான். அவர் லேத்தடியில் சீவி விழுந்து கிடந்த இரும்புச் சுருள்கள் மேல் விழுந்தார். உள்ளங்கை கிழிந்தது, வாயெல்லாம் ரத்தம். எழுந்த வேகத்தில் கையிலிருந்த இடுக்கியை வீசினார். அது மைத்துனனின் வலது மணிக்கட்டில் இறங்கியது. இந்தச் சத்தம் முன்னதைவிடச் சின்னது.

சத்தம் கேட்டு வந்த மனைவி, தரையில் சுருண்டு கிடந்த தம்பியையும் தாங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உடைச்சாச்சா? இனி எத யாரு ஒட்டுறது?"

மறுநாள் காலை மைத்துனன் மாவுக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் நெருப்பிடம் பேசினான்.

"இன்னும் சிவக்கணும்... போதும். இதான் கடைசி. இன்னொரு தடவ உடைஞ்சா ஒட்டு நிக்காது."

பட்டறைக்காரர் வீங்கிய உதட்டோடு குனிந்து தாங்கியை ஒட்டினார்.

"இப்பத் தட்டணும்."

அவர் சுத்தியலை ஓங்கினார். மைத்துனன் கட்டுப்போட்ட கையைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சின்னதைத் தேடி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார்.

சாம்பலில் புதைத்தார். கோணி போட்டார். மைத்துனன் உள்ளே போய்ப் படுத்தான். வாசல் வழியே காற்று வந்தது. அவர் சட்டையைக் கழற்றிக் கோணிக்கு மேலே போர்த்தி, ஓரங்களைச் செருகினார். பிறகு வெற்றுடம்போடு டிரம் பக்கத்தில் குந்தி, கட்டுப்போட்ட உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு மெட்டின் முனகல், ஏறி இறங்கி, மெதுவாக வந்துகொண்டிருந்தது.