ஏட்டில் இருக்கும் கொட்டகை

நில எடுப்பு அதிகாரி பாலசுந்தரம் அலுவலகக் கரும்பலகையில் அன்றைய சொல்லை எழுதி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் காத்திருந்த பாண்டிச்செல்வி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘தினம் ஒரு சொல்: வீடு. விடு என்பதிலிருந்து பிறந்தது. கவலையை விட்டு இளைப்பாறும் இடம். விடுதலை என்றும் பொருள்.’ படித்து முடிப்பதற்குள் அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அழகர்கோவில் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அவள் தெருவே போகிறது. வீடு இழப்பவர்களுக்கு வேறிடத்தில் மனை உண்டு என்றார்கள். ஊர்ச் சாவடியில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது பேருக்கு ‘குடியிருப்பு’. நாற்பத்தொன்றாவதாக அவள் பெயர்: ‘தென்னங்கீற்றுக் கொட்டகை. ஆள் குடியில்லை. மாற்றிடம் இல்லை.’

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒன்பது வருஷம் மல்லிகை கட்டி எழுப்பிய வீடு அது. செங்கல் சுவர், சிமெண்டு ஷீட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு. அதைப் பார்த்தா கொட்டகை என்று எழுதினார்கள்? அவளுடைய அப்பா பண்ணையாளாக இருந்து, அடுத்தவன் மாட்டோடு கொட்டகையில் படுத்தே காலத்தைக் கழித்தவர். அந்தச் சொல்லை அவளால் சும்மா வாசித்துவிட முடியாது.

எப்படி நடந்தது என்பது, அதிகாரி புரட்டிய கோப்பிலிருந்த போட்டோவைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சித்திரையில் அவள் மகள் முத்துமீனா பெரியமனுஷியானாள். தாய்மாமன் உக்கிரபாண்டி முறைப்படி பச்சை ஓலை வெட்டி வந்து, வீட்டு வாசலில் குச்சு கட்டினான். பதினாறு நாளும் பிள்ளை அதில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அளக்க வந்த வெளியூர்க்காரன் பைக்கை விட்டு இறங்காமலே படம் பிடித்துப் போயிருக்கிறான். சடங்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே குச்சைப் பிரித்து எரித்தாயிற்று. ஏட்டில் மட்டும் அது கம்பீரமாக நிற்கிறது!

“சார், இது குச்சு. எம் மக சடங்குக்குக் கட்டுனது. பின்னால கதவு தெரியுது பாருங்க, அதான் வீடு.”

“பின்னால இருக்கறதுக்கு நம்பர் போடலையேம்மா. சர்வே தேதியில எதுக்கு நம்பர் விழுந்துச்சோ, அதான் கணக்கு.”

வீட்டுத் தீர்வை ரசீதை நீட்டினாள். கரண்டு அட்டையை நீட்டினாள். அவர் தொடவில்லை.

“ஆட்சேபணைக்கு முப்பது நாள் குடுத்தாச்சு. முடிஞ்சுபோச்சு.”

“ஒட்டுனதே போன வாரம்தான சார்?”

அவர் பேச்சை மாற்றினார். “கொட்டகைன்னா கேவலம்னு நெனைக்காதம்மா. ஆதியில மாடு கட்டுற இடம். அப்புறம் கல்யாணக் கொட்டகை, சினிமாக் கொட்டகைன்னு எம்புட்டு கௌரவமா வளர்ந்திருக்கு! நல்ல சொல்லு.”

“அப்ப உங்க வீட்டு வாசல்ல என்ன சார் எழுதி வச்சிருக்கீங்க?”

பக்கத்து மேஜையிலிருந்த கிளார்க் சிவபாண்டி வாய்க்குள் சிரித்தான். “‘தமிழ் இல்லம்’னு எழுதிருக்காருக்கா.”

பாலசுந்தரத்தின் முகம் சிவந்தது. பாண்டிச்செல்வி விடவில்லை. போட்டோவில் ஓலைக்குக் கீழே ஒரு கொலுசுக் கால் நீண்டிருந்ததை விரலால் குத்திக் காட்டினாள்.

“ஆள் குடியில்லையா சார்? இது யாரு காலு? எம் புள்ள உள்ள உக்காந்திருக்கு. இது கண்ணுக்குத் தெரியலையா, எங்க ஆளுக குடியிருந்தாலும் குடியில்லைன்னு எழுதுற பழக்கமா?”

“வியாழக்கெழம காலைல மெஷின் வரும். நாற்பத்தொண்ணாம் நம்பர் கொட்டகையை அப்புறப்படுத்த உத்தரவு. அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்.” கோப்பை மூடினார்.

அவள் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“கொட்டகையை மட்டும்தான சார் உத்தரவுல போட்டிருக்கு?”

“ஆமா.”

“அந்தக் காகிதத்துல ஒரு காப்பி குடுங்க.”

புதன்கிழமை மதியம் உக்கிரபாண்டி ஓலைக்கட்டோடு வந்து இறங்கினான். “கட்டுன குச்சை மறுபடி கட்டுற மாமன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான் செல்வி” என்று முனகிக்கொண்டே குழி தோண்டினான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த முத்துமீனா பையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். “அம்மா, சத்தியமா நான் மறுபடி உள்ள உக்கார மாட்டேன்!”

“நீ உக்கார வேணாம்டி. ஆள் குடியில்லைன்னுதான எழுதிருக்கு.”

போட்டோவைப் போலவே இருக்கவேண்டும் என்று அண்ணன் உக்கிரபாண்டியைப் படுத்தினாள் பாண்டிச்செல்வி. குச்சு கதவுக்கு இடதுபக்கம் தள்ளி, வாசல் சாலையைப் பார்த்து.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஜேசிபி தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் ஜீப். பாலசுந்தரம் இறங்கினார். பாண்டிச்செல்வி இரும்புக் கதவின் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். மடியில் சரம், பக்கத்தில் உத்தரவின் நகல், அதன்மேல் பறக்காமலிருக்க ஒரு செங்கல்.

“வாங்க சார். உங்க கொட்டகை அந்தா இருக்கு. தாராளமா எடுத்துக்கங்க. பின்னால இருக்கறதுக்குத்தான் நம்பரே இல்லையே, அதை எந்த உத்தரவுல தொடுவீங்க?”

தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் இரும்புக் கையை உயர்த்தி, குச்சுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினான். அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். எஞ்சின் உறுமிய உறுமலில் ஈரம் காயாத ஓலைகள் சலசலத்தன. பாண்டிச்செல்வி தலை நிமிராமல் அடுத்த மொட்டை எடுத்து நாரில் வைத்து முடிச்சை இறுக்கினாள்.