கப்பல் மீன் பொட்டி

சங்கரலிங்கம் பொண்டாட்டி அன்னத்தாயி பொறந்ததுலருந்து கடலப் பாத்ததில்ல. ஆனா தேனி அல்லிநகரத்துல கடல் மீனுன்னா அவுக கடதேன். அவரு வெட்டுவாரு, அவ யாவாரம் பாப்பா. மீனு அனுப்புறது கன்னியாகுமரிப் பக்கம் ததேயுன்னு ஒரு போட்டுக்காரரு. அவரையும் நேர்ல பாத்ததில்ல. கரைக்குத் திரும்பையில சிக்னல் கெடச்சதும் போன் போடுவாரு. எழுத்துல ஒண்ணுமில்ல, அந்தப் பேச்சுதேன் பத்திரம். மழையில ரோடு அடச்சப்பக்கூட ஊரச் சுத்தி வண்டிய அனுப்புன மனுசன்.

அந்த வெள்ளிக்கெழம அவரு கொரலே சரியில்ல.

"அக்கா, நாங்க யாரும் கடலுக்குப் போவல, போராட்டம். வெளிநாட்டுக் கப்பலுவ நம்ம நாட்டு எல்லைக்குள்ள வந்து அடியோட வழிச்சிட்டுப் போறான். மீன் குஞ்சுகூட மிஞ்சல. எங்க வலையையும் அறுத்துட்டான்."

"உள்ள எப்படிய்யா விட்டாக? குமுளி மாதிரி செக்போஸ்ட் கெடையாதா?"

ததேயு சிரிச்சுட்டாரு. "தண்ணியில எங்கக்கா கல்லு நடுறது? கோடு மேப்புலதான் இருக்கு." அப்புறம் மெதுவா சொன்னாரு: "ஞாயித்துக்கெழமைக்கு ஏஜெண்டுகிட்ட அந்தக் கப்பல் மீனுதான் கெடைக்கும். வாங்கிக்கிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். உங்க பொழப்பு."

வாங்காதன்னு சொல்லிருந்தா அவ சண்டகூட போட்டிருப்பா. வாங்கிக்கன்னு சொன்னதுதேன் தொண்டையில முள்ளாட்டம் நின்னுக்கிருச்சு. "அவன் மீன நான் தொட மாட்டேன்"னுட்டா.

மெஸ்ஸுக்காரன் சுரேஷ்கண்ணன் ஒரு மறுவீட்டு விருந்துக்கு வஞ்சிரம் சொல்லிருந்தான். அவன் மெஸ்ஸ நம்பித்தேன் கடையே ஓடுது. இல்லன்னா எதுத்த கடைக்குப் போயிருவான். அவளுக்குத் தெரியாம சங்கரலிங்கம் ஏஜெண்டுட்ட ஒரு பொட்டி சொல்லிப்புட்டாரு.

ஞாயித்துக்கெழம காலையில பொட்டி வந்து எறங்குச்சு.

"யாரு சொன்னது?"

"நாந்தேன்." அவரு அருவாமனையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

ஏசுவான்னு பாத்தாரு. அவ ஏசல. முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, பொட்டி மூடி மேலயே ஏறி உக்காந்துட்டா.

சுரேஷ்கண்ணன் பைக்க நிப்பாட்டுனான். "என்னக்கா, பொட்டிய அடகாக்குறியா?"

"ஆமாய்யா. குஞ்சு பொரிச்சதும் சொல்லிவிடுறேன், வா."

"வெளையாடாதக்கா, விருந்துக்கு நேரமாச்சு. வஞ்சிரத்த எடு."

"மீனு இருக்கு. குடுக்க மாட்டேன். நம்ம கடல்ல திருடுன மீனு. கடலுக்குப் போறவுக வீட்டுல அடுப்பெரியல, இத வித்து நான் எப்படிச் சோறு திங்கிறது?"

"தேனியில உக்காந்துக்கிட்டு ஒனக்கென்னக்கா கடலு?"

"ஏன், முல்லப் பெரியாத்துத் தண்ணிய மறிச்சப்ப நீ குமுளி ரோட்டுல கத்தலயா? நீ என்ன வயலா வச்சிருக்க, மெஸ்ஸுதான வச்சிருக்க?"

பக்கத்துல நின்னவுக சிரிச்சுட்டாக. சுரேஷ்கண்ணனுக்கு மொகம் செவந்துருச்சு. "மாமா, நீயாவது சொல்லு. இன்னிக்கு நான் எதுத்த கடைக்குப் போனா இனி இங்கன வரவே மாட்டேன்."

எல்லாரும் சங்கரலிங்கத்தப் பாத்தாக. அவரு அவளப் பாத்தாரு. கடலு உப்புக் கரிக்கும்னு கேள்விப்பட்டவ, அவ்வளவுதேன். அந்தப் பொட்டி மேல உக்காந்திருந்த தோரணையப் பாத்தா, கடலே அவ பேருக்குப் பட்டா போட்டாப்புல இருந்துச்சு. இத்தன வருசம் இவகூடவா குடும்பம் நடத்துனோம்னு அவருக்கே மலப்பாயிருச்சு.

சுரேஷ்கண்ணன் பைக்கத் திருப்பிக்கிட்டு எதுத்த கடைக்குப் போனான். நாலஞ்சு பேரு அவன் பின்னாடியே போனாக.

சங்கரலிங்கம் கையத் தொடச்சிட்டு ஏஜெண்டுக்குப் போன் அடிச்சாரு. "வண்டி திரும்புறப்ப பொட்டிய எடுத்துக்கய்யா. பிரிக்கல."

அப்புறம் பொட்டிகிட்ட வந்தாரு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு புள்ள."

ரெண்டு பேரு கனத்துல மூடி கிரீச்சுன்னுச்சு. ஐஸு சில்லுப்பு வேட்டியத் தாண்டி ஏறுச்சு. ஆனாலும் எந்திரிக்கல அவரு.