எலி தின்ற பந்து

மலாயாவின் ஜோர்ஜ் டவுனில் கிரிக்கெட் பழகிய பெண்களுக்குக் கிடைத்த ஒரே தோல் பந்தைப் பரமநாதன் எலிக்குப் படையல் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. தோல் வெடிக்காமலிருக்க எண்ணெய் தேய்க்கவேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தார்; எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளவில்லை. விளக்குக்கே எண்ணெய் கிடைக்காத ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், அரைச் சிரட்டைத் தேங்காய் எண்ணெயில் பந்தை ஊறப்போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். மரவள்ளிக் கிழங்கு தின்று மனிதருக்கே நாக்குச் செத்திருந்தது. எலிக்கு மட்டும் ஆசை இருக்காதா? திரும்பி வந்தபோது தக்கையும் கொஞ்சம் நூலும்தான் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை தாதிகள் அணியோடு முதல் மாட்ச். அதற்காகப் பதினொரு பெண்கள் ஏழு மாதம் துணிப்பந்தில் பழகியிருந்தார்கள். பட்டாளத்து லாரி தெரிந்தால், வெள்ளைக்காரன் ஆட்டம் என்று பிடித்துக்கொள்ளாதிருக்க, மட்டையைப் போட்டுவிட்டுக் கைகாலை நீட்டி டிரில் செய்வார்கள். கோச், பரமநாதன். சண்டைக்கு முன் கிளப் வேலியோரம் நின்று பார்த்ததுதான் அவருடைய கிரிக்கெட் படிப்பு.

கேப்டன் கனகேஸ்வரி அவர் ஆபீசில் டைப்பிஸ்ட். சண்டை முடிந்ததும் மலாயாவுக்கே ஒரு பெண்கள் டீம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். மறுநாள் காலை திடலில் தக்கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா பாதுகாத்தீங்கண்ணே."

"எலியையும் டீம்ல சேர்த்துக்கலாம் லா," என்றாள் விக்கெட் கீப்பர் ஹபீபா பீவி. "கைக்கு வந்தத விடாது."

எல்லாரும் சிரித்தார்கள், கனகேஸ்வரியைத் தவிர.

"நான் இன்னும் கோச்தானேம்மா?"

"வெயில் ஏறுதுண்ணே," என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் பரமநாதன் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு, சைக்கிளோடு படகேறி அக்கரை போய், தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பிச்சைமுத்துவைப் பிடித்தார்.

"ரப்பரா? அரிசி கேப்பீங்கன்னு பயந்துட்டேன் சார்," என்று பிச்சைமுத்து ஒரு ஷீட்டையே தூக்கிக் கொடுத்தான்.

அதைக் கீற்றாக வெட்டித் தக்கையைச் சுற்றியாயிற்று. தோலுக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த ஒரே தோல், அவர் ஆபீசுக்குப் போட்டுப்போகும் சப்பாத்து. கத்தியை எடுத்தவர், ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு அறுத்தார். ஹபீபா தைத்துக் கொடுத்தாள். பந்து கொஞ்சம் மாங்காய்ச் சாயலில் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு திடலுக்கு வந்தார். கனகேஸ்வரி பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தாள். அது தன்னிஷ்டப்படி இடப்பக்கம் போயிற்று.

"பரவால்ல. ரெண்டு பக்கத்துக்கும் அதே பந்துதானே."

"கோச் விஷயம்..."

"டாஸ் போடணும்ண்ணே."

"சுத்தி வளைக்காதம்மா. வேணாம்னா போயிடறேன். முகத்துக்கு நேரா சொல்லு."

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கோச்சா வேணாம்ண்ணே. நீங்க சொல்லிக் கொடுத்தத மறக்கவே எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா போயிடாதீங்க. பட்டாளத்துக்காரன் சுத்துற ஊர்ல எந்த அப்பா பொண்ண வெளிய விடுவாரு? பரமநாதன் கூட நிக்கிறார்னுதான் பதினொரு வீட்லயும் கதவத் தொறக்கிறாங்க. நீங்க இல்லன்னா டீமே இல்ல."