முப்பத்தோரு வரியிலும் லவோன்

நகரங்கள் எழுதி அனுப்பும் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் மாநில அலுவலகத்தில் பெர்னடீனுக்கு வேலை. இந்த முறை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிறு நகரங்கள் நாற்பது. ஒவ்வொரு திட்டத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பார்கள். தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். ஊரின் நல்ல மனசுக்கெல்லாம் கிடையாது. அந்த விதியை எழுதியவளே பெர்னடீன்தான் என்பதால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை.

மூவாயிரம் பேர் வாழும் ஹெரன் ஃபால்ஸின் திட்டம் அவளுக்குப் பிடித்துப்போனது. மற்ற ஊர்களைப் போல 'துடிப்பான எதிர்காலம்' என்று பக்கம் பக்கமாக அளக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம், வடக்குத் தெருச் சாக்கடை, பனி வாரும் வண்டி என்று முப்பத்தோரு வேலைகள். எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. 'பொறுப்பாளர்' கட்டம் ஒன்றுகூடக் காலி இல்லை. அதற்கு எட்டுக்கு எட்டு போட்டாள். மொத்தம் நூற்றுக்கு எழுபத்து மூன்று வந்தது.

இரண்டாவதாகப் படித்த பக்கத்து மேசை ஆன்செல்லும் எட்டுதான் போட்டிருந்தான்.

"பெர்னி, அந்தப் பேரைப் பாத்தியா? எல்லா வரியிலயும் லவோன் ஸ்டோர்டால். ஊர்ல வேற ஆளே இல்லையா?"

பார்க்கவில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, யார் பெயரால் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. எழுபதுக்குக் கீழே வாங்கும் ஊருக்குத்தான் மாநிலம் இரண்டு வருடத்துக்கு ஓர் உதவியாளரை அனுப்பும். எழுபத்து மூன்று என்றால் பாராட்டுக் கடிதத்தோடு சரி.

மதிப்பெண்ணை முடிவு செய்யும் முன் ஊருக்கு ஒருமுறை போன் செய்து திருத்தம் உண்டா என்று கேட்கலாம். கேட்டாள். எடுத்ததே லவோன்தான். நகர அலுவலகத்தின் எழுத்தர்.

"முன்னாடி வேற பேருங்க இருந்துச்சுங்க. ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டாரு, ரெண்டு பேர் ஃபார்கோ சிட்டிக்குப் போயிட்டாங்க. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் பூஜ்யம்னு உங்க தாள்லயே போட்டிருக்கே. அதான் என் பேரை எழுதிட்டேன்."

"முப்பத்தொண்ணையும் நீங்களே செஞ்சிருவீங்களா?"

"பனி வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது. கத்துக்கணும்."

பெர்னடீன் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை.

"உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனா?"

"ஆறு வருஷமா லீவே போடலைங்க." குரல் தாழ்ந்தது. "எங்க கவுன்சில்ல இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. எழுபது தாண்டினா உங்ககிட்டேருந்து லெட்டர் வருமாமே. அதச் சுவத்துல மாட்டலாம்னு இருந்தேன்."

முகம் தெரியாத அந்தப் பெண்மேல் பெர்னடீனுக்கு அவ்வளவு பிரியம் வந்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"லெட்டர் வந்தா உங்களுக்கு உதவிக்கு ஆள் வராதுங்க. ஆள் வந்தா லெட்டர் வராது. திருத்தணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்புங்க. உங்க இஷ்டம்தான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை ஒன்றும் வரவில்லை.

"அனுப்ப மாட்டாங்க" என்றான் ஆன்செல். "நானா இருந்தா லெட்டரைத்தான் எடுத்துக்குவேன். எனக்கும் இங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

நாலரைக்குத் திருத்தம் வந்தது. முப்பது வரிகளில் 'ஆள் இல்லை' என்று இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் பழைய பெயர். பூங்காவின் பனிச்சறுக்குத் திடல். டிசம்பரில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டு உறைய வைக்கும் வேலை. ஓரத்தில் லவோன் கையால் எழுதியிருந்தாள்: 'இது எனக்குப் பிடிக்கும். இதை மட்டும் யாருக்கும் தர மாட்டேன்.'

பொறுப்பாளர் கட்டத்துக்குப் பெர்னடீன் பூஜ்யம் போட்டாள். ஆன்செல்லும் பூஜ்யம் போட்டான். மொத்தம் அறுபத்தைந்து.

பிறகு தன் சொந்தத் தாளில் லவோனுக்கு ஒரு கடிதம் எழுதினாள் பெர்னடீன். அலுவலக முத்திரை கிடையாது. 'இந்த வருடம் படித்த நாற்பதில், நான் முழுசாக நம்பியது உங்கள் திட்டத்தைத்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுவரில் மாட்டினால் எட்ட நின்றும் தெரியட்டும் என்று பெரிய தாளாகவே எடுத்திருந்தாள்.