வாளித்தலையன் தாவும் நேரம்

பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மனிதனுக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி. அண்ணனுக்குக் கிடைத்தது டிவி.

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். ஓட்டுகிறவர் என்பதா, ஓட்டியவர் என்பதா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சு. எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கு மேலே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைத் தூக்கி வைக்கிற வேலை. கீழே நிற்கிறவர்கள் அவருக்கு ‘மேலிடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தத் தகராறு வந்தாலும் “மேலிடம் முடிவு பண்ணட்டும்” என்பார்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “அவ்ளோ உயரம் ஏறி வந்து எவ மாப்பிள்ளை பாப்பா?” என்பார். லேசான பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தார். நடை சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் தூக்கம் கலையாமல் கிடந்தது. கட்டைவிரலைக் கிள்ளினால் பக்கத்து வீட்டுக்காரனைக் கிள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

கிரேனில் சுமையை ஏற்றி இறக்குகிற லீவர் வலது கையில்தான் இருக்கிறது. அந்தச் சுமைக்குக் கீழே நின்று கொக்கி மாட்டி விசில் ஊதுகிறவன் தங்கையின் கணவன்.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். “விரலுக்கு ஏதாவது வேலை குடுத்துட்டே இருங்க” என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னதும், பரண்மேல் கிடந்த பழைய கேம் மெஷின் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூட நாட்களில் அடித்துக்கொண்ட மெஷின். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு குள்ளன் ஓடுவான். பள்ளம் வரும்போது பட்டனை அமுக்கினால் தாவுவான். மூன்றாம் கட்டத்தில் உடைந்த பாலம் ஒன்று வரும். அண்ணன் அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு, இசையை மட்டும் கேட்டே தாண்டுவார். தங்கை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

மெஷினைத் தூசு தட்டி ஹாலிலிருந்த பெரிய டிவியில் மாட்டினார்கள். அந்த டிவியில் பழைய மஞ்சள் வயருக்கு ஓட்டையே இல்லை. கடையில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி நடுவில் செருகினாள். படம் வந்தது. மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி எல்லாம் கரைந்து தெரிந்தது. அண்ணன் முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடி விழுந்தார். வாளித்தலையன் ஓடுவதும் குழிக்குள் போவதுமாக இருந்தான்.

“டிவி லேட்டாகுது,” என்றார் அண்ணன். “நான் அமுக்கறேன், அவன் யோசிச்சுட்டுத் தாவறான்.”

கணவன் சோபாவில் காலை நீட்டியபடி, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றான். கேலிதான், மனசில் ஒன்றும் கிடையாது. அவனுக்கு மச்சான் என்றால் உயிர். ஆனால் அண்ணன் கையிலிருந்த கேம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தங்கை போனை ஸ்லோ மோஷனில் வைத்து, தன் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தாள். விரல் அமுங்கியது. வாளித்தலையன் ஓடிக்கொண்டே இருந்தான். இன்னும் ஓடினான். பிறகுதான் தாவினான். அவள் கணவனைக் கூப்பிட்டு போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கூடம் நெஜமாவே கோணல்தான்,” என்றாள்.

விஷயம் எளிது. பழைய மெஷின் அனுப்புகிற சின்னப் படத்தைப் புது டிவி வாங்கி, இழுத்துப் பெரிதாக்கி, பவுடர் பூசி, பொட்டு வைத்துத்தான் வெளியே விடுகிறது. அந்த அலங்காரம் முடிவதற்குள் குள்ளன் குழிக்குள் போய்விடுகிறான். கணவன் அறைக்கதவைத் தட்டி, “மச்சான், தப்பு என் மேலதான், வாங்க,” என்றான். வெளியே வந்த அண்ணன் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. அன்றிலிருந்து டிவிதான் குற்றவாளி.

ரிமோட்டை நோண்டி டிவியை கேம் மோடில் போட்டாள். அலங்காரம் பாதி குறைந்தது. அண்ணன் முதல் பள்ளத்தைத் தாண்டினார். கணவன் எழுந்து நின்று விசில் அடித்தான், வேலையிடத்தில் அடிக்கிற அதே விசில். அவ்வளவுதான், தங்கைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எல்லா நிறத்தையும் ஒரே கம்பியில் குழப்பி அனுப்புகிற மஞ்சள் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவருகிற வயரைத் தேடிப் பிடித்தாள். கன்வெர்ட்டர் போய், படத்தை வாங்கிய கையோடு வரி வரியாகத் திருப்பி அனுப்புகிற ஒரு பெட்டி வந்தது. கடையில் லென்ஸை மாட்டி, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்கிற மாதிரியே அண்ணனிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

படம் தெளிந்துகொண்டே வந்தது. வாளியில் துரு இருப்பது தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சேறு என்று அவள் நினைத்திருந்தது பூ வேலை செய்த செருப்பு என்று தெரிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அண்ணன் ஒரு பள்ளம் முன்னேறுவார். பிறகு அங்கேயே நின்றுவிடுவார். “இன்னும் கொஞ்சம் லேட்டு இருக்கு,” என்பார். அவள் படம் எடுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. கடைசியில் முடியளவு இருந்தது. அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பேரும் தொங்கினார்கள்.

தங்கைக்கு அப்போதெல்லாம் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. வேலைக்குப் போனாள், லென்ஸ் தேய்த்தாள், வந்து வயர் மாட்டினாள். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, எதுவும் தனக்குச் சொந்தமாகத் தெரியவில்லை. அழுகை ஏன் வரவில்லை என்று ஒருநாள் பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். பதில் வருவதற்குள் பாத்திரம் தீர்ந்துவிட்டது.

இப்படி இருக்கும்போது சைட் மேனேஜர் போன் செய்தார். திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வருகிறார், அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே மேலே ஏறலாம்.

“அந்த டாக்டரா?” என்று சிரித்தான் கணவன். “எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு. நல்லா இருக்கேன்னா போட்டுடுவாரு. தலை நிமிந்து பாத்தாத்தான் ஆச்சரியம். மச்சான், நீங்க வந்தாதான் எனக்கு நிம்மதி. இப்ப ஏத்தி உக்கார வெச்சிருக்கான் பாருங்க ஒருத்தன், அவன் சுமையை எறக்குறப்ப எல்லாம் எனக்கு உசுரு தொண்டையில வந்து நிக்குது.”

அண்ணன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குழாய் டிவியில லேட்டே கிடையாதுன்னு சொன்னியே,” என்றார் தங்கையிடம். “அதுல ஒரு தடவை ஆடிப் பாத்துட்டா தெரிஞ்சிடும்.”

படக்குழாய் வைத்த பழைய குண்டு டிவிகளுக்கு அலங்காரம் செய்யத் தெரியாது. வந்த படத்தை வந்த கணமே கண்ணாடியில் வீசிவிடும். அப்படி ஒன்று அவள் கடையின் பின்கட்டில், உடைந்த கண்ணாடி ஃப்ரேம்களுக்கு நடுவே கிடந்தது. காத்திருக்கிறவர்களுக்கு விளம்பரம் காட்ட ஒரு காலத்தில் வைத்திருந்தது. முதலாளி, “எடுத்துட்டுப் போ தாயி, எடம் காலியாகட்டும்,” என்றார். சனிக்கிழமை அவளும் கணவனும் அதைப் படியேற்றினார்கள். பிணம் கனம் கனத்தது. “இதுக்கே ஒரு கிரேன் வேணும்,” என்று மூச்சு வாங்கினான் கணவன். ஹால் தரையில் இறக்கி, வயரை மாட்டி, பட்டனை அமுக்கினாள்.

அப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததில்லை. பெரிய டிவியில் தெளிவு இருந்தது, இதில் உயிர் இருந்தது. நிறங்கள் ஈரம் காயாமல் இருந்தன. வாளித்தலையன் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது.

அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தங்கை போனைப் பிடித்தாள். இதுவரை அவள் படம் எடுத்ததெல்லாம் தன் கட்டைவிரலைத்தான். மெஷினைச் சோதித்தாளே தவிர ஆளைச் சோதித்ததில்லை. இன்று ஆடுகிறவர் அண்ணன் என்பதால் அவர் கட்டைவிரல்தான் படத்தில் விழுந்தது. முதல் கட்டம் எப்படியோ போனது. இரண்டாம் கட்டம் தட்டுத் தடுமாறிப் போனது. பாலத்தில் விழுந்தார். மறுபடி, மறுபடி, அதே இடம்.

“இதுலயும் கொஞ்சம் லேட்டு இருக்குல்ல?” என்றார். திரையைப் பார்த்துக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டார்.

“இரு, பாத்துட்டு வரேன்.”

சமையலறைக்குள் போய்ப் பார்த்தாள். வாளித்தலையன் மெல்ல மெல்ல ஓடி வந்தான். பாலத்தின் விளிம்பு வந்தது. கட்டைவிரல் அசையவில்லை. விளிம்பு அவன் காலுக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகுதான் விரல் கீழே இறங்கியது. டிவி மேல் கடுகளவும் தப்பில்லை. தாமதம் முழுக்க அந்த விரலுக்குள் இருந்தது.

அவள் அதை அழித்தாள்.

புருஷன் தலை ஒரு பக்கம், அண்ணன் மனசு ஒரு பக்கம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே, ஹாலுக்கு வந்து, “ஆமாண்ணா, பழைய டிவி இல்லையா, கொஞ்சம் லேட்டாத்தான் தாவுறான்,” என்றாள். சொல்லும்போது நாக்குக்கூட இடறவில்லை. அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“பாத்தீங்களா?” என்றான் கணவன். “கெடக்கு விடுங்க மச்சான். பொம்மையா கிரேன் ஓட்டப் போகுது? நீங்கதானே ஓட்டப் போறீங்க!”

அண்ணன் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கணவனுக்கு அரை நாள் வேலை இருந்தது. அவன் போன பிறகு அண்ணன் ஹாலுக்கு வந்து, மெஷினைப் போட்டு, கன்ட்ரோலரைத் தங்கையிடம் நீட்டினார்.

“நீ ஆடு. நான் பாக்குறேன்.”

“எனக்கு எங்கண்ணா வரும்?”

“ஆடு வாலு.”

அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் உட்கார்ந்தாள். ஆடினாள். நேற்றுச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. முதல் பள்ளத்தில் குள்ளனை வேண்டுமென்றே விழவிட்டாள்.

“பாத்தியா, லேட்டு,” என்றாள்.

திரையிலிருந்து கண்ணை எடுத்து அண்ணனைப் பார்த்தாள். அவர் டிவிக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கண் அவள் கட்டைவிரலில் இருந்தது.

“நீ அமுக்கவே இல்ல,” என்றார்.

வாளித்தலையன் மறுபடி தொடக்கத்துக்கு வந்து, காலைத் தட்டிக்கொண்டு காத்திருந்தான்.

“இப்ப ஒழுங்கா ஆடு.”

ஆடினாள். பள்ளங்கள் வந்தன, அமுக்கினாள், தாவினான். ஒரு பள்ளம், அடுத்தது, அதற்கடுத்தது. மூன்றாம் கட்டம் வந்தது. உடைந்த பாலம் வந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை. இசையில் அந்த இடம் வந்ததும், “இப்ப,” என்றார். அவர் சொன்னதும் அவள் விரல் இறங்கியதும் ஒன்றாக நடந்தது. வாளித்தலையன் அந்தப் பக்கம் போய் நின்றான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சூரியகாந்தித் தோட்டம் இருந்தது. அவள் அதைத் தன் கையால் கண்டது அன்றைக்குத்தான்.

யாரும் கை தட்டவில்லை. அண்ணன் இப்போது திரும்பி உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தார். மடியில் கிடந்த வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது.

“படம் ரொம்ப நல்லா இருக்கு,” என்றார்.

“அண்ணா...”

“கஷ்டப்பட்டுத்தான் செஞ்சிருக்க. நல்லா இருக்கு.”

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கணவன் ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தான். தலைமுடி வேர்வையில் ஒட்டி, நெற்றியில் ஹெல்மெட் வார் பதிந்த கோடு தெரிந்தது. அண்ணன் அந்தத் தலையையே பார்த்தார்.

“மாப்ள, நாளைக்குக் கீழ நின்னு கொக்கி மாட்டறது யாரு?”

“என்ன கேள்வி மச்சான், நான்தான். உங்களுக்கு வேற எவன் மாட்டுவான்?”

“டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்.”

“என்னன்னு?”

“டிவி மேல தப்பில்லன்னு.”

கணவன் சிரிக்கப் போனான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.