தாய்மாமன் பேனர்

கம்பெனி பஸ் வளைவில் திரும்பும்போதே அது கண்ணில் பட்டுவிட்டது. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே ஒயர் கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கி வைத்து, அரைத் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பாப்பம்மாள்தான் இடுப்பில் இடித்தாள். "காவேரி, அங்க பாரு, உன் பொண்ணு!" சத்யா ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறாளோ என்று பதறி எழுந்தேன். ரோட்டில் இல்லை. எங்கள் ஊர்க் கூட்டுரோடு பஸ் ஸ்டாப்பை ஒட்டி, சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, பேனரில் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் யாரோ கம்ப்யூட்டரில் ஒரு கிரீடம் வைத்திருந்தார்கள். கன்னத்தில் ரோஸ் கலர். மேலே கொட்டை எழுத்தில் மஞ்சள் நீராட்டு விழா. அவளைச் சுற்றிக் கூலிங் கிளாஸ் போட்ட பத்துப் பதினைந்து தடியன்கள். அத்தனைக்கும் கீழே, அவள் பேரைவிடப் பெரிதாக, 'தாய்மாமன் டில்லிபாபு'.

பாவி என்று வாய்விட்டே சொன்னேன். படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன் அவனிடம்.

சத்யா ஒன்பதாவது படிக்கிறாள். பெரியவளானபோது அவள் அழவில்லை, தனியாக உட்கார வைத்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. உளுந்தங்களியையும் நல்லெண்ணெயையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள். "எது வேணா பண்ணுங்க. பேனர்ல என் மூஞ்சி வரக்கூடாது. வந்துச்சின்னா ஸ்கூலுக்குப் போமாட்டேன்." வெறும் பேச்சில்லை அது. போன வருஷம் அடுத்த தெருக் காந்திமதி மகளுக்கு இதே இடத்தில்தான் பேனர் வைத்தார்கள். பையன்கள் அதை போனில் படம் பிடித்து, பள்ளிக்கூடம் முழுக்க அனுப்பி, அந்தப் பெண்ணை 'கிரீடம், கிரீடம்' என்றே கூப்பிட்டுத் தொலைத்தார்கள். காந்திமதி எவ்வளவோ கெஞ்சியும் அது திரும்பப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. சடங்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் பரீட்சை வந்துவிட்டதால் சத்யாவை இன்றைக்குத்தான் பள்ளிக்கு அனுப்பியிருந்தேன். இத்தனை நாள் லீவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அவள் வருகிற பஸ் இதே ஸ்டாப்பில்தான் நிற்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அவளோடு அந்தப் பையன்களும் இறங்குவார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது கால் மரத்துப்போயிருந்தது. டில்லி தன் குட்டியானை லோடு வண்டியைப் பேனருக்குக் கீழே நிறுத்தி, கேபின் மேல் ஏறி நின்று, கடைசிக் கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"எப்டிக்கா கீது?"

"இன்னாடா இது? நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்?"

"பொண்ணு படம் இல்லாம பேனராக்கா? ஊர்ல காறித் துப்புவானுங்க."

"துப்பட்டும். அவ மூஞ்சிய யாரு குடுத்தா உனக்கு?"

"உன் ஸ்டேட்டஸ்லேர்ந்துதான் எடுத்தேன். கோயிலுக்குப் போனப்ப நீயே போட்டியே. நீ போட்டா நியாயம், நான் போட்டா குத்தமா?"

அந்தப் படத்தை நான் போட்டபோது சத்யா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் அழகாக இருக்கிறாள், நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான் போட்டேன். அவனும் அதையேதான் செய்திருக்கிறான், கொஞ்சம் பெரிதாக.

எங்கள் கம்பெனியில் போர்டில் போடாமல் எதுவும் நடக்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு பீஸ் ஓட்டணும் என்று ஒரு போர்டு, எவ்வளவு ஓடியது என்று ஒரு போர்டு, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று ஒரு போர்டு. போன மாசம் 'சிறந்த பணியாளர்' என்று என் படத்தைக் கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கிளிப் கை தவறி விழுந்தால்கூட, "போர்டுல கீற பொம்பளயே இப்டிப் பண்ணா எப்டிம்மா?" என்பார் சூப்பர்வைசர். கொட்டாவி விட்டால் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பாராட்டித்தான் மாட்டினார்கள், எனக்கென்னவோ மாசம் பூராவும் நடுரோட்டில் குளிக்கிற மாதிரியே இருந்தது. கழற்றின அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதை டில்லிக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சொல்லத் தெம்பும் இல்லை.

"கழட்டுடா," என்றேன்.

"முடியாதுக்கா."

"டேய், பஸ் வர்ற நேரம். அந்தப் பசங்க பாத்தானுங்கன்னா அவ படிப்பே போச்சு. கழட்டு."

அவன் கம்பியைக் கீழே போட்டான். முகம் சுருங்கிவிட்டது. "ஆறு வருசம் ஒரகடத்துல கம்பெனி லைன்ல நின்னேன். நாளைலேர்ந்து வராதன்னு ஐடி கார்ட வாங்கி வச்சிக்கினு அனுப்புனானுங்க. கேட்ல இருந்த செக்யூரிட்டிக்கே என் பேரு தெரியல. இப்ப வாடகைக்கு லோடு அடிச்சிக்கினு கீறேன். எனக்குன்னு ஊர்ல இன்னாக்கா கீது? தாய்மாமன்னு ஒண்ணுதான். இதயும் கழட்டச் சொன்னா நான் ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட சீர்த்தட்டு தூக்கிக்கினு வருவேன்? நான் வரல போ."

எனக்கு ஒரே தம்பி. தாய்மாமன் இல்லாமல் சடங்கு ஏது? வீட்டுக்காரரிடம் போனால், உன் தம்பியாச்சு நீயாச்சு என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், நைட் ஷிப்டு பார்த்த மனுஷன். இவனைச் சமாதானம் பண்ணினால் அவள் போய்விடுவாள், அவளைச் சமாதானம் பண்ணினால் இவன் போய்விடுவான். நான் யாரையென்று பிடித்து வைப்பேன்? அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பாப்பம்மாள் பக்கத்தில் நின்று என் முதுகைத் தடவினாள்.

"எப்பா டில்லி," என்றாள் அவள். "பஸ் வந்துடுச்சுப்பா."

தூரத்தில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பச்சை பஸ்ஸின் தலை தெரிந்தது. டில்லி பஸ்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பேனரை நிமிர்ந்து பார்த்தான். கட்டுக்கம்பியைப் பிடித்து இழுத்தான். அவன் முறுக்கின முறுக்கு, அது அசையவில்லை. "கட்டிங் பிளேயர் எங்கடா?" என்று கத்தினேன். "கட்ட வந்த பசங்க எடுத்துக்கினு பூட்டானுங்க," என்றான். கிழிக்கலாமென்று ஓரத்தைப் பிடித்து இழுத்தான். புது பிளெக்ஸ், கிழியவில்லை.

பஸ் வந்து நின்றது. அவன் படபடவென்று சட்டைப் பட்டனைக் கழற்றினான். பழைய கம்பெனியின் நீலச் சட்டை, அதைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறான். கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, சத்யாவின் முகத்தின் மேல் வைத்து அழுத்தி, பேனரோடு பேனராக ஒட்டிக்கொண்டு நின்றான்.

பிள்ளைகள் இறங்கினார்கள். முதலில் ஒருத்தன் பார்த்தான். "டேய், அங்க பாருங்கடா!" முதுகில் இரண்டு ஓட்டை விழுந்த பனியனோடு, வண்டிக் கேபின் மேல் ஏறி, கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷன். அவன் தலைக்கு மேலே கிரீடத்தின் நுனி. அவன் காலடியில் கொட்டை எழுத்தில் அவன் பேர். விசிலடித்தார்கள். இரண்டு பேர் போனை எடுத்தார்கள். "மாமா, இப்டித் திரும்பு மாமா!" என்று ஒருத்தன் கத்தினான். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். டில்லி திரும்பவில்லை. பேனருக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சத்யா, நிக்காத. வூட்டுக்குப் போய்க்கினே இரு," என்றான்.

அவள் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலே எழுதியிருந்ததை வாசித்தாள். சுற்றியிருந்த கூலிங் கிளாஸ்களைப் பார்த்தாள். அவள் பார்வை அந்த ஓட்டைப் பனியனில் வந்து நின்றது. முகம் வெளுத்துவிட்டது. இதோ வெடிக்கப்போகிறாள் என்று எழுந்தேன்.

லாரி ஒன்று கடந்து போன காற்றில் சட்டை ஒரு பக்கம் தூக்கியது. டில்லி அவசரமாக அதைக் கன்னத்தால் அழுத்தினான்.

சத்யா பையன்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் காலை வைத்து ஏறி, கேபினுக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றாள். "என் கண்ணு தெரியுது."

அவன் சட்டையை நகர்த்தினான்.